உண்டியல் தோழர்

கடலூர் முதுநகர்ல சூசைமாணிக்கம் வீடு எதுன்னு கேட்டா கொஞ்சம் யோசிப்பாங்க. உண்டியல் தோழர் வீடுன்னு கேட்டுப் பாருங்க, சந்து வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. செவப்புத் துணி சுத்தின தகர உண்டியலோட அவரு நிக்காத பஸ் ஸ்டாண்டு இந்த ஜில்லாவுல கிடையாது. எங்கியோ வடக்க மில்லை மூடினா இங்க குலுக்குவாரு. கட்சி மாநாட்டுக்குக் குலுக்குவாரு. புயல் அடிச்ச ஊருக்குக் குலுக்குவாரு. ஆனா மாதாகோயில் பூசையில காணிக்கைப் பை அவரு முன்னால வந்தா மட்டும் மனுசன் கூரையைப் பாப்பாரு. ஆஸ்பத்திரி செலவுக்குன்னு தனி ஆளு யாராவது வந்து நின்னா சல்லிக்காசு பேராது.

"ஊருக்குக் குலுக்கினா அது போராட்டம், ஒருத்தனுக்குக் குலுக்கினா அது பிச்சை. கையேந்திப் பழகினவன் உரிமை கேக்க மாட்டான்"னு ஒரு பிடி பிடிப்பாரு. கல்நெஞ்சக்காரருன்னு நெனச்சிடாதீங்க. அவுங்க அப்பா மருந்துக் காசுக்காக மொதலாளி வீட்டு வாசல்ல துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னதைச் சின்ன வயசுல பாத்தவரு. அந்த அவமானம் அவரை விட்டுப் போகவே இல்ல.

குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில அவரு பாய்லர் ஆபரேட்டர், சங்கத்துச் செயலாளரும் அவருதான். அங்க காண்ட்ராக்ட்ல வேலை பாத்த அருண்பாண்டியன் மேல ஒருநாள் குழாய் விட்டுப்போயி காஸ்டிக் சோடாத் தண்ணி தெறிச்சிடுச்சி. காட்டுமன்னார்கோயில்காரன், கல்யாணம் ஆயி ஒரு வருஷம்கூட முடியல. வலது கண்ணு தப்பிச்சிது, எடது கண்ணு வெந்து போச்சி. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டரு கழுவி மருந்து ஊத்திட்டு, "ஒரு வாரத்துக்குள்ள புதுச்சேரியில ஆபரேஷன் பண்ணா பார்வை நிக்கலாம், தள்ளிப் போடாதீங்க"ன்னாரு. அங்க முன்பணம் கட்டணும். காண்ட்ராக்டரோ அவன் பேரை ஈ.எஸ்.ஐ. இன்சூரன்ஸ்ல ஏத்தவே இல்ல, படுபாவி. கம்பெனியும் "அவன் எங்க ஆளே இல்ல"ன்னு கையை விரிச்சிடுச்சி.

கேன்டீன்ல வேலை பாக்கற வைத்திலிங்கம் ஓடி வந்தாரு. அவரு வேற கட்சி. "மச்சான், ஒரே சாயங்காலம் போதும், வசூல் பண்ணிடலாம். பையன் போட்டோ போட்டு ஒரு பேனர், பக்கத்துல எங்க தலைவர் படம். அவ்ளோதான்."

சூசைமாணிக்கத்துக்கு வந்துச்சே கோவம்! "அவன் வெந்த கண்ணைக் காட்டி ஓட்டு வாங்கப் பாக்கறியா? நாம வசூல் பண்ணி வைத்தியம் பாத்தா கம்பெனிக்காரன் கையைத் தொடச்சிக்கிட்டுப் போயிடுவான். நாளைக்கு இன்னொருத்தன் கண்ணு போவும். கேட்ல உக்காருவோம், ரெண்டே நாள்ல பணம் வரும்."

அருண்பாண்டியன் பொண்டாட்டி இலக்கியா அழுதா. "அண்ணே, மொதல்ல கண்ணைக் காப்பாத்துங்க. சண்டையை அப்புறம் போட்டுக்கலாம்."

"என்னை நம்பும்மா"ன்னாரு. அந்தப் பொண்ணும் நம்பிச்சி. அருண்பாண்டியனும், "மாமா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"னுட்டான்.

ரெண்டு நாளு மூணாச்சி, நாலாச்சி. கம்பெனி அசையல. வீட்ல அவரு பொண்டாட்டி சவரிமேரி சோத்தைப் போட்டுட்டு எதிர்ல நின்னாங்க. "அந்த உண்டியலை எங்கிட்டக் குடுங்க. மாதாகோயில் வாசல்ல நான் போயி குலுக்கறேன். கட்சிக்குக் குலுக்கறப்ப போவாத மானம் ஒரு புள்ள கண்ணுக்குக் குலுக்கினாப் போயிடுமா?" அவரு உண்டியலை எடுத்துப் பரண் மேல வச்சிட்டு, சாப்புடாமக் கேட்டுக்குப் போயிட்டாரு.

ஒரு வாரம் தாண்டித்தான் கம்பெனி எறங்கி வந்துச்சி. வைத்தியச் செலவு, நஷ்டஈடு, காண்ட்ராக்ட் ஆளுங்க அத்தன பேருக்கும் ஈ.எஸ்.ஐ. அட்டை, எல்லாம் எழுதிக் குடுத்தாங்க. கேட்ல வெடி வெடிச்சாங்க, சூசைமாணிக்கத்தைத் தோள்ல தூக்கினாங்க. மறுநாள் புதுச்சேரி டாக்டரு பாத்துட்டு, லேட்டாயிடுச்சி, இனிமே அந்தக் கண்ணுல பார்வை வராதுன்னுட்டாரு. சேதி கேட்ட வைத்திலிங்கம், "கண்ணு கெட்டப்புறம் சூரிய..."ன்னு ஆரம்பிச்சி, நாக்கைக் கடிச்சிக்கிட்டாரு. சூசைமாணிக்கம் காதுல அது விழுந்துடுச்சி.

ரெண்டு வருஷம் கழிச்சி, மலை சரிஞ்சி வீடு வாசல் போனவங்களுக்குன்னு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல குலுக்கிக்கிட்டு இருந்தாரு. ஒரு கை பத்து ரூபா நோட்டை மடிச்சி உண்டியல்ல போட்டுச்சி. நிமிந்து பாத்தா, கறுப்புக் கண்ணாடியோட அருண்பாண்டியன், பக்கத்துல கொழந்தையோட இலக்கியா. அங்கியே செல்போன் கவர் விக்கற கடை போட்டிருக்கானாம்.

"நல்லாருக்கீங்களா மாமா?"

சூசைமாணிக்கம் உண்டியலைக் கீழ எறக்கினாரு. இலக்கியாதான் பேசிச்சி. "எங்களுக்கு ஒரே ஒருநாளு குலுக்கியிருந்தாப் போதுமேண்ணே."

"ஏ, சும்மா இரு. மாமாவாலதான் இன்னிக்கு அத்தன பேரு கையிலயும் அட்டை இருக்கு"ன்னான் அருண்பாண்டியன். அவன் கோவப்பட்டிருந்தாத் தேவலாம்னு இருந்துச்சி இவருக்கு.

வசூலைப் பாதியிலயே விட்டுட்டுக் கடலூர் பஸ் ஏறிட்டாரு. வழியெல்லாம் ஒரே ரோசனை. தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னா அத்தன பேரு அட்டையும் பொய்யாயிடும். சரியாத்தான் செஞ்சேன்னு சொல்லவும் நெஞ்சு கேக்கல. திரும்ப அதே நாளு வந்தா என்னா பண்ணுவேன்னு தன்னையே கேட்டுப் பாத்தாரு. மடியில உண்டியல் பாட்டுக்குக் குலுங்கிக்கிட்டே வந்துச்சி.

கம்பெனி ஸ்டாப்புல ஷிப்டு முடிஞ்ச ஆளுங்க ஏறினாங்க. புதுசா சேந்த காண்ட்ராக்ட் ஆளு ஒருத்தன் உண்டியலைப் பாத்துட்டுச் சட்டைப்பையில ஈ.எஸ்.ஐ. அட்டையை ஒதுக்கிச் சில்லறை தேடினான். "இன்னிக்கு யாருக்கு வசூல் தோழரே?"

"அருண்பாண்டியனுக்கு"ன்னு வாயில வந்துடுச்சி.

காசைப் போட்டுட்டு, "யாரு தோழரே அது?"ன்னான் அவன்.