உப்பில்லாத கஞ்சியும் முனியப்பன் கடாவும்

கல்லை அரைத்த மாவு ஈரத்தில் கிடந்தால் ஒரு வாடை அடிக்கும். எனக்கு அப்பா என்றால் அந்த வாடைதான். சங்ககிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பாதி ஆண்கள் "ரிக்கு வண்டி"யில் ஆழ்துளைக் கிணறு போடப் போகிறவர்கள். சனிக்கோளுக்கு அப்பாலிருந்து படை வந்து சண்டை மூண்டபோது, சிப்பாய்கள் பதுங்க நிலாவில் பாறையைக் குடைய வேண்டுமென்று, பட்டாளத்தார் அப்பாவையும் சேர்த்து இவர்களைத்தான் வண்டியோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டிக்கு முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் நிலாவில் தொங்குமா மிதக்குமா என்று பையன்களுக்குள் அடிதடியே நடந்தது. அது வேறு கதை.

சண்டை ஓய்ந்து அப்பா வந்தார். பின்னாலேயே ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்து, எதிரி மனித உருவில் இறங்கியிருக்கிறான், சந்தேகமிருந்தால் சொல்லுங்கள் என்று கத்திவிட்டுப் போனது. அந்த வண்டி ஏற்றிக்கொண்டு போன யாரும் திரும்பி வந்ததில்லை.

உப்பு கொஞ்சம் குறைந்தாலும் வட்டிலைத் தள்ளிவிடுகிறவர் அப்பா. அம்மா ஒருநாள் மறந்துபோய் உப்பில்லாமல் வைத்த கஞ்சியைப் பேசாமல் குடித்தார். மறுநாள் அம்மா வேண்டுமென்றே போடவில்லை, அதையும் குடித்தார். குழாயடியில் அம்மா, "உப்பில்லாத கஞ்சிய மடமடன்னு குடிக்கறாருங்கக்கா" என்று வாய்விட்டுவிட்டாள். பொழுது சாய்வதற்குள் ஊர் கூடிவிட்டது.

"பட்டாளத்துக்காரங்க கெடக்கட்டும், முனியப்பன் சொல்லட்டும்" என்றார் பூசாரி. எங்கள் பக்கம் கடா வெட்டுமுன் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள்; அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அப்பா கையால் ஊற்ற வேண்டும், சிலுப்பாவிட்டால் அந்த வண்டிக்குச் சொல்லியனுப்புவது என்று முடிவாயிற்று.

அப்பா ஊற்றினார். கடா அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றியும் அசையவில்லை.

"ஏம் மாப்ள, கெடாய்க்கே புடிக்காத ஆளாயிட்டயா?" என்றார் அம்மாவின் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

"மேல போனதுலருந்து நாக்கு செத்துப்போச்சுங்க சாமி" என்றார் அப்பா பூசாரியிடம்.

அம்மா கயிற்றைப் பிடிக்கிறவள்போலக் குனிந்தாள். கடாவின் காதில் அவள் ஊதியதை, எதிரே நின்ற நான் மட்டும் பார்த்தேன். கடா தலையிலிருந்து வால்வரை உதறியது.

வரும் வழியில், "நெசமா அப்பாதானாம்மா?" என்று கேட்டேன்.

"ஆரா இருந்தா என்ன சாமி, வாய்விட்டது நானு" என்றாள். ஆனால் அதன்பிறகு கடைசிவரை, கஞ்சியை வைத்துவிட்டு, அவர் முதல் வாய் குடிக்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இப்போது ஊரில் ரிக்கு வண்டி இல்லை, மேலே போய் வந்தவர்கள் ஒருவரும் இல்லை, அம்மாவும் இல்லை. அப்பா திரும்பி வந்தபின் பிறந்த என் தம்பிதான் கோயிலில் கடாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். தங்கமானவன், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவன் சொம்பைக் கையில் எடுத்ததும், நான் போய்க் கடாவின் காதோரம் நின்றுகொள்கிறேன்.