ஒலிபெருக்கியில் ஒரு பெயர்

அயலாரைக் காக்கும் அன்பு அரிதானது. கோவை மாநகராட்சியின் அறிவிப்புகளையும் கடைகளின் விளம்பரங்களையும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சொல்லிவந்த ஷாஹுலிடம் அவ்வன்பு குடிகொண்டிருந்தது.

தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி மாலை. குளக்கரை உடையக்கூடும், தாழ்வான தெருவினர் உடனே வெளியேற வேண்டும் என்று அறிவிக்க அவரைப் பணித்தார்கள். அவர் வீடும் அத்தெருவில்தான் இருந்தது. கரையின் விளிம்பில் சேற்றுநீர் தளும்பக் கண்டு அவர் ஒலிவாங்கியை எடுத்தார். ஆயினும், சேலைத் தள்ளுபடியைக் கூவிப் பழகிய அதே இராகத்தில்தான் குரல் எழுந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை.

"ஏனுங்க பாய், இன்னைக்கு எந்தக் கடையிலீங்க தள்ளுபடி?" என்று சன்னலிலிருந்து அண்டைவீட்டுப் பூவாத்தாள் சிரித்தாள்.

அப்போது கரையில் மண் சரிந்தது. பிறர் கேட்க மனைவியை ஒருநாளும் பெயரிட்டு அழைத்தறியாத ஷாஹுல், ஒலிபெருக்கியில் அலறினார்: "சாஜிதா! புள்ளையைத் தூக்கிட்டு ஓடியா!"

பூவாத்தாளின் சிரிப்பு நின்றது. "சம்சாரத்து பேரையே சொல்லிப்போட்டாரு! நெசந்தானுங்க, எல்லாரும் வாங்க!"

தெருவே மேட்டை நோக்கி ஓடியது. கடைசி ஆள் மேடேறியபோது, பின்னால் கரை உடையும் ஓசை கேட்டது.

மழையில் நனைந்த முக்காட்டை இழுத்துவிட்டபடி சாஜிதா, "ஊரே கேக்க எம்பேரைக் கூப்புட்டுப்போட்டீங்களே," என்றாள்.

அவர்கள் இல்லத்தை அச்சம் இனி அணுகாதிருக்க, அங்கே விளக்கொளியும் மழலையும் குன்றாதிருக்க, இறைவன் அருள்க.