ரெண்டு பேர் நின்னா போதும்

தேர்தலில் தோற்க வாக்களிப்பு நாள் வரை காத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த வேலைக்குப் புதியவர்கள். பகலில் நான் தஞ்சோங் பகாரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருப்பேன். மாலையிலும் வார இறுதியிலும் ஒரு சின்ன எதிர்க்கட்சிக்காக பூன் லே பக்கம் வீடு வீடாகக் கதவு தட்டினேன். சம்பளம் கிடையாது. கட்சிச் சட்டை ஒன்று கொடுத்தார்கள், அதுவும் தொளதொளவென்று இருந்தது. என்னைப் போல ஜெயிக்காத கட்சிக்காக மாடி மாடியாக ஏறி இறங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் முழங்கால் நலமா என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன்.

தொகுதி வரலாறு

எங்கள் தொகுதியின் பெயரைச் சொல்ல மாட்டேன். மறைக்க ஒன்றுமில்லை, அந்தப் பெயரில் இப்போது தொகுதியே இல்லை. முதலில் அது ஒரே ஓர் எம்பியைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதியாக இருந்தது. பிறகு பக்கத்துக் குழுத்தொகுதி அதை விழுங்கிவிட்டது. குழுத்தொகுதியில் ஓர் அணியாகத்தான் நிற்க வேண்டும், ஜெயித்தால் எல்லோரும், தோற்றால் எல்லோரும். அந்தக் காலத்தில் எதிர்த்து நிற்க அணி கிடைக்காமல் அங்கே தேர்தலே நடக்கவில்லை. அப்புறம் ஒரு பகுதியை வெட்டி வேறு பெயரில் மறுபடி தனித்தொகுதி ஆக்கினார்கள். அதில் எங்கள் கட்சி நின்றது, தோற்றது. மறுபடி நின்றது, மறுபடி தோற்றது. எங்கள் தேர்தல் முடிவுகளின் மொத்த வரலாறும் அவ்வளவுதான்.

எங்கள் வேட்பாளர் மிஸ்டர் டான் ஒரு பொறியாளர். எதையும் படம் போட்டு விளக்கினால்தான் அவருக்குத் திருப்தி. ஒரு வீட்டு வாசலில் இந்த வரலாற்றை அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, லெட்சுமி ஆண்ட்டி இரும்புக் கதவைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் சொன்னது: “நான் வீட்டு சோபாவக்கூட நகத்தினதில்லம்மா, மூணு தொகுதி பாத்துட்டேன்.”

பிங்க் ஐசி

அதே பிளாக்கில்தான் செல்வம் அண்ணன் இருந்தார். ஊரில் ஓட்டுப் போடும் வயது வந்த வருஷமே புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர். ஊரில் தேர்தல் வரும்போதெல்லாம் இவருக்கு இங்கே விடுப்பு கிடைக்காது. இங்கேயே பெண் எடுத்து, நிரந்தரவாசியாகி, நீல ஐசி என்ற அடையாள அட்டையோடு பல காலம் காத்திருந்து, போன அதிபர் தேர்தல் முடிந்த பிறகுதான் குடியுரிமை பெற்றார். ஆக, தலை நரைத்த பிறகும் ஒரு வாக்குச்சீட்டைக் கையால் தொட்டதில்லை. சிறுநீரகம் கெட்டுப்போய், செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார்.

முதல் நாளே குடிமக்களுக்கான பிங்க் ஐசியைக் கொண்டுவந்து காட்டினார். எந்தப் பள்ளிக்கூடத்தில் போட வேண்டும், பேனா அவர்களே தருவார்களா, யாருக்குப் போட்டோம் என்று வெளியே தெரியுமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். வாக்கு ரகசியம் என்றேன். இங்கே விரலில் மை வைக்க மாட்டார்கள் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. ஊரில் தம்பிக்குப் படம் பிடித்து அனுப்ப நினைத்திருந்தாராம். இந்த முறை நீங்கள் கண்டிப்பாக ஓட்டுப் போடுவீர்கள் அண்ணே, அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, எங்களுக்குத்தானே போடுவீர்கள் என்று கேட்டேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது ரகசியம்மா. ரகசியம்னு நீங்கதான இப்ப சொன்னீங்க?”

ஆதரவாளர்

எங்களுக்கு ஆதரவாளர்கள் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் எங்களைப் பார்த்தாலே குளிர்ந்த பார்லி தண்ணீர் எடுத்து வருவார். நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேச ஆள் வேண்டும் என்று எங்களைவிட நன்றாகப் பேசுவார். ஆனால் ஆளுங்கட்சி ஜெயித்தால் அவர் பிளாக்கிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குக் கூரை போட்ட நடைபாதை வரும் என்று பேச்சு இருந்தது. அதனால் ஒரு நாள் மிஸ்டர் டானின் தோளில் கை வைத்து, மனசில் உள்ளதைச் சொல்லிவிட்டார்: “என் ஓட்டு உங்களுக்குத்தான் லா. ஆனா நீங்க ஜெயிச்சிடாதீங்க.”

லிட்டில் இந்தியாவில் பெரும் ஆதரவு

இந்தியர்களிடமும் ஆதரவு இருப்பதைக் காட்டப் படங்கள் வேண்டும் என்று கட்சியில் யாரோ யோசனை சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ்டர் டானை லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டுக்கு வரச் சொன்னேன். அன்றைக்கென்று அலுவலகத்தில் கூடுதல் வேலை, என்னைத் தாமதமாகத்தான் விட்டார்கள். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் இரண்டு கட்டுத் துண்டறிக்கையையும் கொடுத்துத் தீர்த்திருந்தார். வாங்கியவர்கள் எல்லோரும் கை குலுக்கினார்களாம், சிரித்தார்களாம். இப்படி ஒரு வரவேற்பை வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். முகமெல்லாம் வேர்வையும் சந்தோஷமுமாக இருந்த மனிதரிடம், அவர்கள் அத்தனை பேரும் வேலை அனுமதிச் சீட்டில் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள், ஒருவருக்குக்கூட இங்கே ஓட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது?

அவர்களில் ஒருவர் துண்டறிக்கையை நான்காக மடித்து, மரியாதையாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “எங்களுக்கு ஓட்டு ஊர்ல இருக்குக்கா. அங்க போய்ப் போட இங்க லீவு தரமாட்டாங்க.”

வரைபடம்

தேர்தல் நெருங்கும்போது எல்லைகளைத் திருத்தி அறிக்கை வரும். அறிக்கை வந்த அன்று நானும் மிஸ்டர் டானும் காப்பிக் கடையில் அவருடைய போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினோம். எங்கள் தொகுதி இல்லை. ஒரு துண்டு வடக்கே போய்விட்டது. செல்வம் அண்ணன் பிளாக் இருந்த துண்டைப் பழைய குழுத்தொகுதி மறுபடி விழுங்கியிருந்தது. எல்லைக்கோடு அவர் பிளாக்குக்கு முன்னால் இருந்த சாலையின் நடுவில் ஓடியது.

போன தேர்தல் முடிந்த மறுவாரமே மறுபடி நடக்க ஆரம்பித்த மனிதர் மிஸ்டர் டான். எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் கைக்குழந்தை, யார் வீட்டில் மணி அடிக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கோபித்துக் கத்துவார் என்று நினைத்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்து, மெதுவாகக் கேட்டார்: “கலா, மஸ்ட் வி கோ அண்ட் டெல் தெம்?”

சொல்லப் போனது

சொல்லத்தான் வேண்டும். மிஸ்டர் டானைக் கட்சி கிளமெண்டி பக்கம் அனுப்பிவிட்டதால் நான் மட்டும் போனேன். லெட்சுமி ஆண்ட்டி கேட்டுவிட்டு சோபாவைத் திரும்பிப் பார்த்தார். செல்வம் அண்ணன் அன்று டயாலிசிஸ் முடித்து வந்து படுத்திருந்தார். குழுத்தொகுதிக்கு அணி சேர்க்க எங்களிடம் ஆள் இல்லை, எங்கள் கட்சி இங்கே நிற்காது என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாக்களிப்பு நாள் சனிக்கிழமை என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள், டயாலிசிஸ் நிலையத்தில் பேசி அந்த வாரத்துக்கு மட்டும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன் என்றார். நான் ஏன் தலையைக் குனிந்தபடி நிற்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. “யார் நின்னா என்னம்மா, ரெண்டு பேர் நின்னா போதும். ஒருத்தர் மட்டும் நின்னாத்தான தேர்தல் இல்ல?”

பங்கீடு

ஒரே தொகுதியில் இரண்டு எதிர்க்கட்சிகள் மோதிக்கொண்டால் இரண்டுக்கும் நஷ்டம். அதனால் தேர்தலுக்கு முன் சின்னக் கட்சிகள் ஒன்றாக உட்கார்ந்து தொகுதிகளைப் பிரித்துக்கொள்வது வழக்கம். அந்த முறை சிராங்கூன் ரோட்டில் ஓர் உணவகத்தின் மாடியில் உட்கார்ந்தார்கள். தோசை ஆறிக்கொண்டிருக்க, பெரியவர்கள் உனக்கு இது, எனக்கு அது என்று பேசினார்கள். எங்கள் தலைவர் ஏற்கெனவே குறி வைத்திருந்த கிளமெண்டி பக்கத்தை வாங்கிக்கொண்டு, செல்வம் அண்ணனின் குழுத்தொகுதியை இன்னொரு கட்சிக்கு விட்டுக்கொடுத்தார்.

படி இறங்கும்போது அந்தக் கட்சிக்காரர் மிஸ்டர் கோ என்பவரை நிறுத்தி, நிஜமாகவே அணி இருக்கிறதா, நிச்சயமாக நிற்பீர்களா என்று கேட்டேன். அவர் பல் குத்தியபடியே சிரித்தார். “டோன்ட் வொரி சிஸ்டர், டீம் ரெடி லா.”

வேட்புமனு நாள்

விடுப்பு எடுத்துக்கொண்டு, அது என் கட்சி இல்லை என்று தெரிந்தும், வேட்புமனு வாங்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆளுங்கட்சி அணியின் ஆதரவாளர்கள் கொடியும் மேளமுமாக வந்திருந்தார்கள். மிஸ்டர் கோவும் அணியில் மற்றவர்களும் வந்திருந்தார்கள், ஒருவர் மட்டும் இல்லை. குழுத்தொகுதி அணியில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஒருவர்தான் வரவில்லை. அவருடைய போனும் அணைந்திருந்தது. நிற்க வேண்டாம் என்று வீட்டில் அழுதார்களாம், பிறகு தெரிந்தது. அவரை என்ன குறை சொல்வது?

நேரம் முடியப் போகிறது. மிஸ்டர் கோவுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் பக்கம் நின்ற கூட்டத்தில் நான் ஒருத்திதான் தமிழ். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சிறுபான்மை இனத்தவர் என்ற சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும், அப்படியெல்லாம் வாசலில் நிற்பவரைப் பிடித்து நிறுத்த முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் மிஸ்டர் கோ என் பக்கம் வந்து கேட்டார்: “சிஸ்டர், யூ இண்டியன், ரைட்?”

சாலைக்கு இந்தப் பக்கம்

ஆளுங்கட்சி அணி போட்டியின்றி வென்றதாக அறிவித்தார்கள். மேளம் அடித்தது. நான் கழிவறைக்குப் போய் அழுதேன். என் தொகுதிகூட இல்லை, ஆனாலும் அழுதேன்.

வாக்களிப்பு நாளன்று காலையில் என் வீட்டுப் பக்கம் ஓட்டுப் போட்டுவிட்டு செல்வம் அண்ணனைப் பார்க்கப் போனேன். டயாலிசிஸை வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டதால் சனிக்கிழமை அவருக்கு ஒரு வேலையும் இல்லை. இஸ்திரி போட்ட புதுச்சட்டையோடு பிளாக்குக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். வாக்காளர் அட்டை தாமதமாக வந்திருக்குமோ என்று அன்று காலைகூடத் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். சாலைக்கு எதிர்ப்பக்கம் வேறு தொகுதி. அங்கே பள்ளிக்கூட வாசலில் வரிசை நின்றது. குடை பிடித்த ஒரு அம்மாள், சக்கர நாற்காலியில் ஒரு தாத்தா, வியர்த்த கால்சட்டையோடு இரண்டு பேர் எல்லாம் உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள்.

உள்ளே எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். அரை நிமிஷம்தான் அண்ணே என்றேன். அவ்வளவுதானா என்று தலையாட்டினார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் ஒன்று வந்து மறைத்தது, அது போகும்வரை காத்திருந்து மறுபடி வரிசையைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “அந்தப் பக்கம் ரூம் ஏதும் வாடகைக்கு இருந்தா பாத்துச் சொல்லும்மா. அடுத்த வாட்டிக்கு.”

பார்க்கிறேன் அண்ணே என்று சொல்லியிருக்கிறேன். இந்த வேலையில் நான் கொடுத்த வாக்குறுதிகளில் நிறைவேற்றக்கூடியது இது ஒன்றுதான், அதுவும் அடுத்த வாட்டி அந்த வரிசை சாலைக்கு எந்தப் பக்கம் நிற்கும் என்று எனக்குத் தெரிந்தால்.