மானுக்கு என்ன ஆயிற்று?

என் மருமகள் பார்க்கும் மாயாஜாலத் தொடர்கள் எதுவும் எனக்குப் பிடிப்பதில்லை. பிடிக்காவிட்டால் பார்க்காமல் இருக்க வேண்டியதுதானே என்பாள். வீட்டில் இருப்பது ஒரே கூடம், ஒரே டிவி. கண்ணை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? முதலில் அந்த வெளிச்சம். ராஜா, ராணி, பறக்கும் பாம்பு எல்லாரும் கரண்ட் போன வீட்டில் தட்டுத்தடுமாறுகிற மாதிரி இருட்டிலேயே நடமாடுகிறார்கள். யார் யாரைக் குத்தினார்கள் என்று அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. விண்வெளித் தொடர் என்றால் இன்னும் மோசம். வேறு கிரகத்துக்குப் போகிற அளவு படித்தவர்களுக்கு, இருட்டுக் குகைக்குள் தனியாகப் போகக் கூடாது என்கிற புத்தி கிடையாதா? செத்தவன் அடுத்த வாரம் எழுந்து வருகிறான். சரி, தொலையட்டும், அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆளை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு மீதி அடுத்த வருஷம் என்று நிறுத்துகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

“இதுக்குப் போய் இவ்வளவு கோவமாம்மா?” என்று மருமகள் சிரிக்கிறாள். அவளுக்கென்ன தெரியும்! பாதிப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு ஆயுசைக் கழித்தவள் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். சினிமா விஷயத்தில் பெரியம்மா வைத்ததுதான் சட்டம். குடும்பப் படம் கூடாது. அழுகைதான் வீட்டிலேயே இருக்கிறதே என்பாள். கத்திச் சண்டை கூடாது. சாமிப் படம் போகலாம். மாயாஜாலப் படமும் போகலாம், ஏனென்றால் மந்திரவாதி என்ன ஆட்டம் ஆடினாலும் கடைசியில் பெருமாள் வந்துதான் தீர வேண்டும்.

போவதுதான் போகிறோம், வாயை மூடிக்கொண்டு பார்க்கக் கூடாதோ? பெரியம்மா படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாள். “இத்தனை மந்திரம் தெரிஞ்சவன், முதல்ல அந்தத் தாடியைச் சரி பண்ணிக்கப்படாதோ?” என்பாள். மந்திரவாதி தன் உயிரைக் கிளிக்குள் ஒளித்துவைத்தால், “அசடு! பூனை கவ்விண்டு போனா என்ன பண்ணுவான்?” என்பாள். ராஜகுமாரி நந்தவனத்தில் பாட ஆரம்பித்தால் போதும், இந்த நேரத்துக்கு அரண்மனை அடுப்படியில் யார் தளிகை பண்ணுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். முன் பெஞ்சுப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

பெருமாள் திரையில் தோன்றிவிட்டால் பேச்சு நின்றுவிடும். ஆனால் பெரியம்மா எழுந்துவிடுவாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு, பெருமாள் மறைகிறவரை கோயிலில் சேவிப்பது போலவே நிற்பாள். பின்னால் இருப்பவர்கள் “உக்காருங்க, உக்காருங்க” என்று கத்துவது அவள் காதில் ஏறவே ஏறாது. வீட்டில் என்னவெல்லாம் குறையோ அத்தனையையும் அப்போது வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். பெரியப்பாவின் மூட்டு வலி, பசு மாடு உதைப்பது, நான் கணக்கில் வாங்கிய மார்க்கு எல்லாம் அப்படித்தான் திருச்சி ஜனங்களுக்குத் தெரியவந்தது.

அந்தத் தை மாதம் பாலக்கரையில் ஒரு டாக்கீஸில் புதிதாக ஒரு மாயாஜாலப் படம் வந்தது. அக்காவுக்காகத்தான் போகிறோம் என்றாள் பெரியம்மா. அக்கா என்றால் பெரியம்மாவின் ஒரே பெண். கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. ஆடிக்கு அழைத்துவந்தார்கள். ஆடி போய் ஆவணி வந்தது, நவராத்திரி கொலு வைத்து எடுத்தாகிவிட்டது, மார்கழியும் போய்விட்டது. அவள் கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை. ஜன்னலோரம் நான் படுக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத்தான் முதலில் தலை பின்னுவார்கள். பிறந்த வீட்டில் இத்தனை நாள் சொகுசு கொண்டாடலாமா என்று எனக்குப் பொருமலாக இருக்கும். அவள் முழங்கை வரை கை வைத்த ரவிக்கைதான் போடுவாள். அது கும்பகோணத்து நாகரிகம் என்று நினைத்து, எனக்கும் அந்த மாதிரி தைத்துத்தரச் சொல்லி அடம் பிடித்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்னிக்குப் பெரியம்மா, அம்மா, அக்கா, நான் நாலு பேரும் கூஜாவில் தீர்த்தத்தோடு பஸ் ஏறினோம். காவேரிப் பாலம் தாண்டுகிறவரை பெரியம்மா அக்காவிடம் “நன்னா பாரு, மனசு லேசாகும்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அக்கா தலையை ஆட்டினாள். அவள் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. அதுவும் எனக்கு எரிச்சல்தான். சினிமாவுக்குப் போகிறவள் மூஞ்சியை அப்படியா வைத்துக்கொள்வாள்?

படம் பிரமாதமாக இருந்தது. மந்திரவாதி இளவரசனை மானாக்கிவிடுகிறான். மானுக்குப் பேச முடியாது. கண்ணில் நீர் மட்டும் வழிகிறது. அவன் அப்பா, அந்த நாட்டு ராஜா, விஷயம் தெரியாமல் வேட்டைக்குக் கிளம்புகிறார். அந்த நேரம் பார்த்துக் கதை அடுத்த நாட்டுக்குப் போயிற்று. அங்கே ஒரு ராணி தன் பெண்ணை நினைத்துக் கோயிலில் அழுகிறாள். கர்ப்பக்கிரகத்தில் ஒளி வருகிறது. சங்கு சக்கரத்தோடு பெருமாள் நிற்கிறார். “கவலைப்படாதே மகளே. நாளைக் காலை உன் வாசலில் ஒருவன் வந்து நிற்பான். உன் பெண்ணை அவனோடு அனுப்பிவை” என்கிறார்.

பெரியம்மா எழுந்துவிட்டாள்.

“பெருமாளே! என் மாப்பிள்ளையும் அதே மாதிரி வாசல்ல வந்து நிக்கணும். என் பொண்ணைக் கூட்டிண்டு போகணும். ஊர் கேக்கற கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியலை” என்றாள். பெண்கள் பகுதி முழுக்கக் கேட்டது. அன்றைக்கு “உக்காருங்க” என்று யாரும் கத்தவில்லை.

திரையில் ராணி கும்பிட்டுவிட்டுப் போனாள். பெருமாள் மட்டும் நின்றார். அப்புறம் கடகடவென்று சிரிக்க ஆரம்பித்தார். சங்கு போயிற்று, சக்கரம் போயிற்று, கிரீடம் போயிற்று. மோவாயில் தாடி முளைத்தது. பார்த்தால் மந்திரவாதி!

பெரியம்மா கூப்பிய கையை இறக்க மறந்து அப்படியே நின்றாள். பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முன் பெஞ்சு அம்மாள் ஒருத்தி பயந்துபோய், “என்னம்மா, பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். பெரியம்மா திரையைப் பார்க்கவேயில்லை. அக்காவையே பார்த்தாள்.

“எழுந்திருங்கோ. போலாம்” என்றாள்.

இடைவேளைகூட ஆகவில்லை! நான் பெஞ்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அம்மா என் கையைப் பிய்த்து இழுத்தாள். கதவுத் திரையைத் தாண்டும்போது கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தேன். காட்டில் மான் நிற்கிறது. ராஜா வில்லை வளைத்துவிட்டார், நாண் காதுவரை வந்துவிட்டது. அதோடு சரி, நான் தெருவில் நின்றேன்.

பெருமாள் வேஷத்தில் மந்திரவாதியைக் காட்டுகிறான், மகா அபசாரம், அதனால்தான் எழுந்துவந்தோம் என்று அம்மா வீதி முழுக்கச் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் நான் உள்ளே போய் அழுதுகொண்டிருந்தபோது, பெரியம்மா அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த நீள ரவிக்கைக் கையை மேலே சுருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையைப் பார்த்தாள், அப்புறம் இன்னொரு கையை. தையல் சரியில்லையோ என்னவோ. இங்கே ஒருத்தி மானுக்கு என்ன ஆயிற்றோ என்று தவிக்கிறாள், இவர்களுக்கு ரவிக்கை முக்கியமாகப் போயிற்று.

அந்த மாதம் முடிவதற்குள் அக்காவின் புருஷன், எனக்கு அத்திம்பேர், வந்துவிட்டார். வேண்டிக்கொண்டபடியே காலையில் வாசலில் வந்து நின்றார், கையில் ஆப்பிளும் மல்லிகைப்பூவும். பெரியப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவரை ஊஞ்சலில் உட்காரவைத்து, காபி கொண்டுவா என்று உள்ளே பார்த்துக் கத்தினார். “அழைச்சிண்டு போலாம்னு வந்தேன் மாமா” என்றார் அத்திம்பேர், அத்தனை பணிவாக. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். காதிலிருந்து காசு எடுத்துக் காட்டுவார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“அத்திம்பேர், அந்த மான் படம் பாத்தேளா?”

“பாத்தேனே! கும்பகோணத்துக்கு முன்னாடியே வந்துடுத்து.”

“ராஜா வில்லை வளைச்சாரே, அப்புறம்?”

அவர் ஊஞ்சலை நிறுத்தினார். என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். “அம்பை விட்டுட்டார். அது சர்ருனு போறது. மான் திரும்பிப் பாக்கறது. அப்போ…”

அப்போதுதான் பெரியம்மா காபியோடு வந்து நிற்க வேண்டுமா?

“காபி சாப்பிடுங்கோ மாப்பிள்ளை. சாப்பிட்டுட்டுக் கிளம்புங்கோ. பொண்ணு வரமாட்டா.”

பெரியப்பா குறுக்கே பாய்ந்தார். “என்ன பேசறே நீ? மாப்பிள்ளை வரணும்னு பெருமாளை வேண்டிண்டவ நீதானே?”

“வேண்டிண்டேன். யார்கிட்ட வேண்டிண்டேன்னுதான் டாக்கீஸ்லயே பாத்துட்டேனே” என்றாள் பெரியம்மா. “அவ கையைப் பாத்துட்டு வந்து பேசுங்கோ.”

அத்திம்பேர் என்னை மடியிலிருந்து இறக்கவில்லை, தள்ளினார். எழுந்த வேகத்தில் காபி டம்ளர் உருண்டது. “வாழாவெட்டியா வெச்சுண்டு அழுங்கோ!” என்று உள் அறையைப் பார்த்துக் கத்தினார். காசு வித்தை காட்டுகிறவர் முகமா அது என்று இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! விட்டால் போச்சு என்று வீதியில் ஓடி அவர் வேஷ்டியைப் பிடித்தேன். “அத்திம்பேர், அப்புறம் என்ன ஆச்சு? சொல்லிட்டுப் போங்கோ!” அவர் கையை வீசினார். காதோடு சேர்த்து விழுந்தது. நான் ஓவென்று அழுதுகொண்டு திரும்பி வந்தேன்.

பெரியப்பா அதற்குள் அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்திக் கூட்டிவரக் கிளம்பிவிட்டார். வாசற்படியில் என்னைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். பெரியம்மா என்னை வாரி எடுத்து அணைத்துக்கொண்டாள். “பாருங்கோ, இந்தக் குழந்தைக்குக்கூடப் புரிஞ்சிருக்கு. அவ அக்காவுக்காக எப்படித் தேம்பறது பாருங்கோ” என்றாள். பெரியப்பா அங்கவஸ்திரத்தை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் கும்பகோணம் போகவில்லை.

அக்காவுக்காகவா? யார் அழுதது? ஆளாளுக்கு என் தலையைத் தடவினார்கள், கற்கண்டு கொடுத்தார்கள். மானைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

கடைசியில் அக்காதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். “என்னடி வேணும் உனக்கு?”

“மான் செத்துப்போச்சா?”

டாக்கீஸில் சிரித்த அதே சிரிப்பு அவளுக்கு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

“இல்லைடி,” என்றாள். “தப்பிச்சுடுத்து.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னோடு பாதியில் எழுந்துவந்தவள், முடிவைப் பார்க்காதவள், இவளுக்கு மட்டும் எப்படித் தெரியுமாம்?