ஓடையே இல்லை என்று எழுதிக் கொடுத்தவன்

வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வருவதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம். ஒரே நிலத்தைப் பற்றி, ஒரே வாரத்தில், இரண்டு மனுக்களில் கையெழுத்துப் போட்டேன். முதல் மனு, அந்த நிலத்தில் பட்டறை வர வேண்டும் என்றது. இரண்டாவது மனு, வரவே கூடாது என்றது.

இரண்டிலும் ஒரே பேனா. அடைப்புக்குறிக்குள் 'எழுத்தாளர்' என்று வேறு போட்டிருக்கிறேன்... பெருமையாக!

நாங்கள் இருப்பது ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, நகரமா கிராமமா என்று இன்னும் முடிவுக்கு வராத ஓர் இடம். அந்த முடிவை எடுப்பதற்காகத்தான் நகரத் திட்டக் குழு ஒரு வரைபடம் தயாரித்து அலுவலகச் சுவரில் ஒட்டியது. மஞ்சள் என்றால் வீடுகள். ஊதா என்றால் தொழிற்சாலை. பச்சை விவசாயம். நீலம் நீர்நிலை. 'ஆட்சேபணை இருப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம், நேரில் விசாரிக்கப்படும்' என்று கீழே ஒரு வரி.

எங்கள் தெருவில் எல்லோரும் போய்ப் பார்த்தோம். எதைப் பார்த்தோம்? அவரவர் வீட்டை. மஞ்சள் என்று தெரிந்ததும் நிம்மதியாகத் திரும்பி வந்துவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாலு ஏக்கர் ஊதாவாகியிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் சுவர் ஓர் அங்குலம் நகர்ந்தால் மட்டும் உடனே தெரிந்துவிடும் நமக்கு!

அந்த ஊதாவின் சொந்தக்காரர் செல்லமுத்து. என் மனைவிக்குச் சித்தப்பா மகன். லாரிக்கு பாடி கட்டுகிறவர். அவர் பட்டறை இப்போது இருப்பது பஸ் ஸ்டாண்டு பின்சந்தில். வெல்டிங் சத்தம், பெயின்ட் வாசம் என்று சந்தே புகார் எழுதிக் கொண்டிருக்கிறது. அவரும் எத்தனை நாள்தான் திட்டு வாங்குவார்? எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த நாலு ஏக்கரை வாங்கிப் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்.

"அக்கா, ஒரு காப்பி. மச்சான், ஒரு கையெழுத்து."

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. காப்பி வருவதற்குள் கையெழுத்து போய்விட்டது.

மூன்றாம் நாள் சரசு வந்தார். அந்த நாலு ஏக்கருக்கு அப்பால் ஒரு ஏக்கரில் அரளி வைத்திருக்கிறார். விடிவதற்குள் மொட்டுப் பறித்து, முதல் பஸ்ஸில் சேலத்துக்கு ஏற்றிவிடுவார். எல்லாம் ஒரே ஒரு கிணற்றை நம்பி.

"செல்லமுத்து எடத்துக்கு நடுவால ஓடை போகுதுங்ணா. அதுல தண்ணி வந்தாத்தான் என்ர கெணத்துல ஊறும். அதை மூடி காங்கிரீட்டு போட்டுட்டா, கெணறு அவ்வளவுதானுங்க. மேப்புல அந்த ஓடையே இல்லீங்ணா!"

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? 'அம்மா, நான் ஏற்கெனவே அந்தப் பக்கம் போட்டுவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். நான் சொன்னது, "பேனா இருக்குங்களா?"

அவர் போன பிறகு மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏனுங்க, என்ர தம்பி கொண்டாந்ததும் இதே நெலந்தானுங்களே?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"ஊடு தேடி வந்தவங்ககிட்ட எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"அப்ப ரெண்டும் சேந்து பூஜ்யம். போடாமயே இருந்திருந்தா மையாவது மிச்சமாகியிருக்கும்."

நம் பக்கத்து மரியாதை இது. வாசலுக்கு வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்வதைவிட நமக்கு நாமே குழி வெட்டிக்கொள்வது சுலபம். கல்யாணப் பத்திரிகையை வாங்கிக் கொள்வது மாதிரிதான் மனுவையும் வாங்குகிறோம். போவதும் போகாததும் அப்புறம்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் சரசு மறுபடி வந்தார்.

"நாளைக்கு ஹாலுக்கு வந்து அந்தக் காரு சங்கதியைச் சொல்லிப்போடுங்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. காரணம் இருக்கிறது.

எங்கள் தெருவில் நிழல் கிடையாது. பின்னால் இருந்த அந்த நாலு ஏக்கரில், மணல் படர்ந்த ஒரு பள்ளமும் ஓரத்தில் இரண்டு வேப்ப மரங்களும் உண்டு. மூன்று வருடமாக என் பழைய கார் அந்தப் பள்ளத்தில்தான் ஓய்வெடுத்தது. மூன்று வருடத்தில் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரை நான் பார்த்ததில்லை. போன ஐப்பசியில் ஒரு நாள், போதமலைப் பக்கம் வானம் கறுத்தது. எங்கள் தெருவில் தூறல்கூட இல்லை. மழைக்கவிதைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொண்டிருந்தேன். முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால்... காரைக் காணோம்.

திருட்டுதான் என்று முடிவு செய்து போனை எடுத்தேன். அதற்குள் சரசுவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"உங்க காரு என்ர அரளிக்குள்ள வந்து நிக்குதுங்ணா. கொஞ்சம் வந்து எடுத்துக்கறீங்களா? பூப்பறிக்க எடைஞ்சலா இருக்குது."

மலையில் பெய்த மழையின் வெள்ளம் காரை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று இன்சூரன்ஸுக்கு எழுதினேன். 'நீரோடையின் பாதையில் வாகனத்தை நிறுத்தியது தங்கள் கவனக்குறைவு' என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. திருப்பி ஒரு கடிதம் அனுப்பினேன் – 'மேற்படி இடத்தில் ஓடை என்று எதுவும் கிடையாது. எக்காலத்திலும் இருந்ததில்லை.' அந்த மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

புரிகிறதா என் சங்கடம்? சரசுவுக்கு ஓடை வேண்டும். எனக்கு ஓடை இருக்கவே கூடாது.

"நாளைக்கு எனக்குக் கொஞ்சம் வேலை..." என்று இழுத்தேன்.

அவர் வற்புறுத்தவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "என்ர பையன் வித்துப்போட்டு வா, சேலத்துல எங்ககூட இருங்கறானுங்க. நல்ல பையந்தான். ஆனா மருமவ சமையக்கட்டுல எனக்கு என்னங்ணா வேலை? இங்க நாலு மணிக்கு எந்திரிச்சா பூவு காத்துக்கிட்டிருக்கும். அங்க எந்திரிச்சா... அவங்க எந்திரிக்கற வரைக்கும் நாங் காத்துக்கிட்டிருக்கோணும்."

அவ்வளவுதான். போய்விட்டார். திட்டியிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன்.

விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடை மேல் மேஜை போட்டுக் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு பெண் அதிகாரி. மெல்லிய குரல். எங்கள் முறை வந்ததும் இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பட்டறை வேணும்னு நாப்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வேண்டாம்னு நாப்பது பேர் போட்டிருக்கீங்க. படிச்சுப் பார்த்தா... அதே நாப்பது பேர்."

எங்கள் தெரு மொத்தமும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தது.

அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே... நான் ஒருவன் மட்டும் அயோக்கியன் இல்லை!

"சரி, ஒரு பக்கம் மட்டும் நிக்கறவங்க யாராவது இருக்கீங்களா?"

செல்லமுத்து கையைத் தூக்கினார். சரசு கையைத் தூக்கினார். அவ்வளவுதான் எங்கள் ஜனநாயகம்.

சரசுதான் முதலில் பேசினார். "மழை பேஞ்சா அதுல தண்ணி ஓடுமுங்க."

செல்லமுத்து உடனே எழுந்தார். "மழை பேஞ்சா ரோட்டுலயுந்தான் ஓடுது மேடம். அதையும் ஓடைன்னு எழுதிருவீங்களா? அது பட்டா நெலம். எந்த மேப்புலயும் ஓடை இல்லை."

சிரிப்பு எழுந்தது. நல்ல பதில், ஒப்புக்கொள்ள வேண்டும். சரசு புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"ஓடைக்கு வேற ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்றார் அதிகாரி.

என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்து நின்றன. சட்டைப் பையில் இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே காலையில் எடுத்து வைத்தது. கொண்டு போய்க் கொடுத்தேன். அதிகாரி உரக்கப் படித்தார். 'நீரோடையின் பாதையில் வாகனத்தை நிறுத்தியது தங்கள் கவனக்குறைவு.' மண்டபம் சிரித்தது. கார் மிதந்த கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். மழைக்கவிதைக் கட்டுரையை மட்டும் விட்டுவிட்டேன்.

"மேடம், ஒரு நிமிஷம்!" என்றார் செல்லமுத்து. "மச்சான், இதுக்கு நீங்க ஒரு பதில் போட்டீங்களே? ஓடையே கெடையாதுன்னு? நாந்தானே என்ர பட்டறை கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சுக் குடுத்தேன்!"

உண்மைதான். லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்சூரன்ஸ் கடிதம் தண்ணீர் பட்ட பாடு. 'எக்காலத்திலும் இருந்ததில்லை' என்ற அந்த வரிகூட அவருடையதுதான். 'கொஞ்சம் அழுத்தமா இருக்கட்டும் மச்சான்' என்று சேர்த்தார். நான் ரசித்துக் கையெழுத்துப் போட்டேன். இப்போது அவரே போனை எடுத்து அந்தக் கடிதத்தைத் தேடிப் பிடித்து மேடையில் காட்டியும் விட்டார்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு கடிதத்துல ஓடை இருக்கு. இன்னொண்ணுல இல்லை. மனுவுலயும் ரெண்டு பக்கமும் இருக்கீங்க. சார், எது பொய்?"

முப்பது வருடமாக எழுதுகிறேன். இவ்வளவு நேரடியாக ஒரு விமர்சகர்கூட என்னிடம் கேட்டதில்லை.

"நான் எழுதினதுதாங்க பொய்," என்றேன். "கார் மிதந்தது நிஜம்."

அப்புறமும் நிறுத்தவில்லை நான். ஓடை என்பது தண்ணீர் இல்லை, தண்ணீர் வரும் வழி. மூன்று வருடம் வராவிட்டாலும் வழி அதனுடையதுதான். அதை நம்பி ஒரு கிணறு, கிணற்றை நம்பி ஒரு அம்மா... என்று போய்க்கொண்டே இருந்தேன். ஆற்றங்கரை நாகரிகங்கள் வரைக்கும் போனதாக மனைவி பிற்பாடு சொன்னாள். எனக்கு நினைவில்லை. குழு பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. அதிகாரி ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சபை அமைந்ததே இல்லை.

முடிவு திருத்திய வரைபடத்தில் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் செல்லமுத்து என் தோளில் கையைப் போட்டார். "லெட்டர் அடிச்சுக் குடுத்தவன் பொழப்புலயே கையை வெச்சுட்டீங்களே மச்சான்." கோபமா, கிண்டலா என்று தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சரசுவுக்கும் இறங்கியிருக்காது.

போன வாரம் திருத்திய வரைபடம் ஒட்டினார்கள். இந்தத் தடவை என் வீட்டை நான் தேடவில்லை. நாலு ஏக்கரைத் தேடினேன். இருந்தது! ஊதாவுக்கு நடுவே மெல்லிசாக ஒரு நீலக்கோடு. கோட்டுக்கு இரு பக்கமும் பச்சைக் கரை. கரைக்குள் கட்டடம் கூடாது, கழிவுநீர் விடக்கூடாது என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. ரோட்டுப் பக்கம் மிச்சம் எல்லாம் ஊதா. செல்லமுத்துவும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ம்... பெயின்ட் ஷெட்டை முன்னால தள்ளிக் கட்டோணும். பரவாயில்லை போங்க, எடம் பத்தும்," என்றார். கையில் ஏற்கெனவே பட்டறைக்கான பிளான் இருந்தது.

பெரிய கல் ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியது. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

மறுநாள் காலை சரசு வந்தார். முகமே வேறு மாதிரி இருந்தது. பத்து வயது குறைந்தாற்போல. நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நன்றி சொல்வார், 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க' என்று சொல்ல வேண்டும். தொண்டையைக்கூடச் சரிசெய்து வைத்திருந்தேன்.

"ரொம்பப் பயந்துட்டனுங்ணா. நேத்து ராத்திரிதான் தூங்கினேன்," என்றார்.

"என்னால முடிஞ்சதைப் பேசினேன். அவ்வளவுதானுங்க."

"அதில்லீங்ணா. நேத்து அந்த மேடத்தைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வரலாம்னு போனேன். அப்பத்தான் சொன்னாங்க. என்ர மனு கெடைச்சதுமே, ஹால்ல கூப்புடறதுக்கு முந்தியே, சர்வேயரைக் கூட்டியாந்து ஓடையை நடந்து பாத்துட்டுப் போயிட்டாங்களாமுங்க. அன்னிக்கே கோடு போட்டு வெச்சுட்டாங்களாம்."

எனக்குச் சுரீரென்றது.

"அப்புறம் எதுக்குங்க என்னை அவ்வளவு நேரம் பேச விட்டாங்க?"

"நானும் அதையேதானுங்ணா கேட்டேன். சாப்பாட்டு வண்டி வரதுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு, அதுவரைக்கும் பேசட்டும்னு உட்டுட்டோம்னாங்க."