நாய் உட்கார்ந்த பக்கம்

தையல்காரம்மாவுக்கு அந்த நாயை எட்டு வருடமாகவே ஆகாது. கணவர் லாரி ஓட்டுநர்; மாதத்தில் இருபது நாள் சாலையில்தான். எங்கோ சரக்குக் கொட்டகையில் கிடைத்த குட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டார். அது முன் இருக்கையிலேயே வளர்ந்தது.

“அந்த சீட்டுல எனக்கு ஒருநாள்கூட இடம் கிடைச்சதில்லக்கா,” என்று நான் நர்ஸாக அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள்.

பக்கவாதத்தில் அவருக்கு இடக் கையும் இடக் காலும் விழுந்துவிட்டன. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள என்னை அமர்த்தினார்கள். இனி மனிதர் முழுக்கத் தனக்குத்தான் என்று நம்பி, அவள் தையல் மெஷினை இழுத்துவந்து கட்டிலின் இடப்பக்கம் போட்டுக்கொண்டாள். முப்பத்தொரு வருடமாக அவள் படுத்த பக்கம் அது.

அவர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாய் வலப்பக்கம் வந்து மெத்தையில் தாடையை வைத்தால் முகம் மலர்ந்து ஏதோ குழறுவார். இவள் கரண்டியை நீட்டினால் வாய் திறக்காது.

“கூப்பிடுறது நான். இவரு பாக்குறது அதை! பாத்தீங்களாக்கா அநியாயத்தை?”

மூளையின் வலப்பாதி அடிபட்ட சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கண்ணில் கோளாறு இருக்காது. கவனம்தான் அங்கே போகாது. தட்டில் வலப்பாதியைத் தின்றுவிட்டு, தீர்ந்துவிட்டது என்பார்கள். பிறகு மெல்லப் பழக்கலாம். இதை அவளுக்கு விளக்கி, இப்போதைக்கு வலப்பக்கம் போய் உட்காரச் சொன்னேன்.

“நாய் உக்கார்ற இடத்துலயா? மாட்டேன். அதுக்கு மட்டும் யாரு சொல்லிக்குடுத்தா?”

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் நாள் அதுவும் இடப்பக்கம்தான் போய் வாலாட்டியது. அவர் கண் அதன்மேல் படவில்லை என்றதும் கட்டிலைச் சுற்றி வந்து, கண் படும் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஓநாய்க் குட்டியைக் கையிலேயே வளர்த்தாலும், உள்ளே தீனி வைத்து மூடிய பெட்டியைக் கொடுத்தால் அது பெட்டியோடுதான் மல்லுக்கட்டும். நாய் சற்றே முயன்றுவிட்டு மனித முகத்தைத் திரும்பிப் பார்க்கும். எத்தனையோ ஆயிரம் வருடம் நம் முகத்தைப் படித்தே பிழைத்த இனம் அது. இதையும் சொன்னேன்.

“அப்ப நான் முகம் பாக்கத் தெரியாதவ!” என்று மெஷினை வேகமாக மிதித்தாள்.

ஆறாவது வாரம் தம்பியை வரவழைத்தாள்.

“என்னக்கா, சக்களத்தியை என் வீட்டுக்கு அனுப்புற?”

“வாயை மூடிட்டு சங்கிலியைப் பிடிடா.”

நாய் போனது. அவர் இரண்டு நாள் வலப்பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையாலும் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளுக்குப் பொறுக்கவில்லை. முகத்துக்கு நேராக நின்று கேட்டுவிடுவது என்று கட்டிலைச் சுற்றிப் போனாள்.

“அது போனதுக்குப் பட்டினி கிடக்குறீங்களே, நான் போனா கிடப்பீங்களா?”

அவர் அவளையே பார்த்தார். நல்ல கையால் அவள் முழங்கையைப் பிடித்தார்.

“எப்ப... வந்த?”

“நான் எங்க போனேன்? ஒன்றரை மாசமா இங்கயேதானே...”

“குரல் கேக்கும்,” என்றார், ஒவ்வொரு சொல்லாக. “தேடுவேன். நாய்தான்... இருக்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கரண்டியை அவளிடம் கொடுத்தேன். கிண்ணம் காலியானது. மத்தியானம் மெஷினை வலப்பக்கம் தள்ளிப் போட்டோம்.

இரண்டு நாள் கழித்து அவர் நாயைக் கேட்டார். அவள் கையிலிருந்த ரவிக்கையைத் தைத்து முடித்துவிட்டு, தம்பிக்குப் போன் செய்தாள். அது வந்ததும் தன் இடத்தில் மெஷின் இருப்பதைப் பார்த்தது. அடியில் நுழைந்து, அவள் முழங்காலுக்கும் கட்டிலுக்கும் நடுவே தலையை நீட்டியது. அவர் கை அதன் தலையை நோக்கிப் போனது.

அவள் அந்தக் கையைப் பாதியில் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“முதல்ல இங்க.”

நாய் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

“என்னை என்னடா பாக்குற? இரு, தருவேன்.”