கதவு நிலையில் சந்தனம்

வாய்மொழி வரலாற்றுப் பதிவுக்காகப் போன வீட்டில், ஒரு யூத மூதாட்டி கதவு நிலையில் சாய்வாக அறைந்திருந்த விரல் நீளக் குழலைத் தொட்டு விரலை முத்தமிட்டார். உள்ளே வேத வசனம், வீட்டுக்குக் காவல் என்றார். இப்போது இடித்துவிட்ட எங்கள் அப்டன் பார்க் வாடகை வீட்டிலும், முன்பிருந்தவர்கள் விட்டுப்போன அப்படியொன்று, பழைய பெயின்ற் நடுவில் மட்டும் தேய்ந்து மினுங்க, வெள்ளிதோறும் அம்மா வைக்கும் சந்தனம் மணக்க இருந்தது. பள்ளிக்கு ஓடும்போது அதன் ஈரம் என் விரலில் ஒட்டும். மூதாட்டியின் பதிவை முடித்துக்கொண்டு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"என்னெண்டு தெரியாமலே ஏனம்மா சந்தனம் வைச்சனீங்கள்?"

"நடுவிலை தேஞ்சு கிடந்தது, பிள்ளை. ஆரோ நெடுகத் தொட்டுக் கும்பிட்டிருக்கினம். நாங்கள் வந்திட்டம் எண்டு அதைச் சும்மா விடேலுமே?"